பாலிமர் பிரேம் கைத்துப்பாக்கிக்கு ஏற்ற கரைப்பான் எது?

எஃகுப் பிரேமும் (விசை அமைந்த உடற்பகுதி) மரப்பிடியும் கொண்ட கைத்துப்பாக்கிகளின் காலத்தில், சுத்தம் செய்யும் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயமாக இருந்ததில்லை. வெடிமருந்து எரிந்து படிந்த கரி கரைய வேண்டும், மரத்தின் மெருகு போகக் கூடாது, கடைசியில் துரு ஏறாதபடி எண்ணெய் பூச வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970-ல் வி.பி.70 என்ற, பாலிமர் (பிளாஸ்டிக்) பிரேம் கொண்ட கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் பாலிமர் பிரேம் கொண்ட கிளாக் 17-ஐ பி80 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டு, அதன்பின் அமெரிக்கக் காவல் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பிய பிறகே, பிளாஸ்டிக்கின் மேல் எந்தத் திரவம் படலாம் என்ற ஐயம் துப்பாக்கிக் கடைகளின் அன்றாடக் கேள்வியாயிற்று.

இந்த ஒப்பீடு அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும் திரவங்களை வைத்தே செய்யப்படுகிறது. இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குவதால், சாதாரணக் குடிமக்களிடம் கிளாக் போன்றவை இருப்பதில்லை. ஆகவே அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருந்து, அவ்வப்போது சுடுதளத்துக்குச் சென்று வரும் ஒருவரின் தேவையையே இங்கு கருத்தில் கொண்டிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேமைப் பற்றி மக்கள் கொண்டிருக்கும் அச்சம் பெரும்பாலும் மிகையானது. கடையில் துப்பாக்கிக்கென்று விற்கப்படும் திரவங்களில் ஏறக்குறைய எதுவும் கிளாக்கின் பிரேமைக் கெடுக்காது. கவலைப்பட வேண்டியவை அந்தப் பிரேமைச் சுற்றி ஒட்டியும் பூசியும் செருகியும் வைக்கப்பட்டிருக்கும் சிறு பொருட்களும், திரவத்தின் ஆவியை மூச்சோடு இழுக்கும் மனிதருமே. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் அதற்கேற்பவே அமைய வேண்டும்.

கிளாக்கின் பிரேம் நைலான் குடும்பத்தைச் சேர்ந்த பாலிமரால் வார்க்கப்படுகிறது. நைலான் துப்பாக்கிக்குப் புதிதன்று; ரெமிங்டன் நிறுவனம் டூபாண்டின் நைலானைக் கொண்டு செய்த ‘நைலான் 66’ என்ற .22 துப்பாக்கியை 1959-லேயே விற்பனைக்கு விட்டது. நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று இறுகி, பகுதிப் படிகமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட்ஸ், மசகெண்ணெய் போன்ற பெட்ரோலியத் திரவங்களால் அந்த அடுக்குக்குள் புகுந்து சங்கிலிகளைப் பிரிக்க முடிவதில்லை. வாகனங்களின் எரிபொருள் குழாய்களும் எஞ்சினைச் சுற்றியுள்ள பல பாகங்களும் நைலானால் செய்யப்படுவதற்கு இந்தத் தாங்குதிறனும் ஒரு காரணம். அசிட்டோன்கூடச் சில நிமிடத் தொடர்பில் நைலானைக் கரைப்பதில்லை.

அச்சம் பிறந்த இடம் வேறு. பாலிகார்பனேட், ஏ.பி.எஸ்., அக்ரிலிக், பாலிஸ்டைரீன் ஆகியவை படிக ஒழுங்கு இல்லாத பிளாஸ்டிக்குகள். அசிட்டோன் பட்டால் பாலிஸ்டைரீன் குவளை குழைந்து போவதை எவரும் பார்த்திருக்கலாம். பாலிகார்பனேட் கரையாவிட்டாலும், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் விடும். அந்த அனுபவத்தை அப்படியே நைலானுக்கும் ஏற்றிவைத்து, ‘பிளாஸ்டிக் துப்பாக்கிக்குக் கரைப்பானே ஆகாது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நைலானுக்கும் எதிரிகள் உண்டு. ஃபீனால், கிரெசால், ஃபார்மிக் அமிலம் ஆகியவை அதை உண்மையிலேயே கரைத்துவிடும். வலுவான கனிம அமிலங்கள் அதன் சங்கிலிகளை அறுக்கும். சலவை பிளீச் அதை ஆக்சிஜனேற்றி நொறுங்கச் செய்யும். துப்பாக்கிக் கடையில் இவை எதையும் கேட்டு வாங்க மாட்டோம். ஆனால் கேரேஜ் அலமாரியில் இவை வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கும். உலோகப் பாகங்களை ஊறவைக்க வாளியில் விற்கப்பட்ட பழைய கார்புரேட்டர் திரவங்களில் கிரெசால் வகையான கிரெசைலிக் அமிலமும் டைகுளோரோமீத்தேனும் கலந்திருந்தன. கல்படிவு நீக்கிகள் சிலவற்றில் ஃபார்மிக் அமிலமும், துரு நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டு. கிளாக் பிரேமை நிச்சயமாகக் கெடுக்கக்கூடிய திரவம் எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பழைய கார்புரேட்டர் வாளியைத்தான் காட்டுவேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நைலான் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நைலான் 6 நீரில் முழுமையாக ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு வரை ஈரம் கொள்ளும். அந்த ஈரம் அதைக் கெடுப்பதில்லை, ஓரளவு மீள்தன்மை கொண்டதாக்கும். தவிர, முழுமையாக ஊற நாட்கணக்கில் ஆகும். சோப்பு நீரில் ஐந்து நிமிடம் கழுவுவதால் பிரேமின் அளவு மாறிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. இரவு முழுதும் எந்தத் திரவத்திலும் ஊறவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஊறவைக்க வேண்டிய அழுக்கு பிரேமில் சேர்வதும் இல்லை.

எல்லாப் பாலிமர் பிரேமும் நைலான் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1990-களில் வந்த ரூகர் பி95-இன் பிரேம் கண்ணாடி இழை கலந்த பாலியூரித்தேன் வகைப் பொருளால் ஆனது. நைலானைப் பற்றி மேலே சொன்னதை அதற்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அத்தகைய துப்பாக்கிக்கு அசிட்டோன் கலந்த எதையும் பிரேமுக்கு அருகில் கொண்டுபோகாமல் இருப்பதே சரி. இன்னொரு வேறுபாடு சட்டம் சார்ந்தது. அமெரிக்க ராணுவம் 2017-ல் எம்17 என்ற பெயரில் தேர்ந்தெடுத்த சிக் சாவர் பி320-இல், வரிசை எண் பொறிக்கப்பட்டு சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியாகக் கருதப்படுவது உள்ளே இருக்கும் எஃகுக் கூடு. வெளியிலுள்ள பாலிமர் பிடி தனியாக விற்கப்படும் உதிரிப் பாகம். கிளாக்கில் பிரேமே துப்பாக்கி. வரிசை எண் தகடும் அதிலேயே பதிந்திருக்கிறது. ஒன்றில் பிடி பாழானால் புதியதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், மற்றொன்றில் நிறுவனத்தையோ உரிமம் பெற்ற வணிகரையோ நாட வேண்டும். கிளாக் வைத்திருப்பவர் பரிசோதனை மனப்பான்மையைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது.

இனி சுற்றியுள்ளவை. குறிநோக்கியில் இட்ட வெள்ளைப் புள்ளியும் வண்ணக் கோடுகளும் வெறும் பெயிண்ட். அசிட்டோன் பட்டால் போய்விடும். இரவில் ஒளிரும் குறிநோக்கிகளில் டிரிட்டியம் வாயு அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குழாய்கள் ஒட்டுப்பொருளால் நிறுத்தப்பட்டிருக்கும். கடுமையான கரைப்பானும் அல்ட்ராசோனிக் தொட்டியின் அதிர்வும் அந்த ஒட்டைத் தளர்த்தக்கூடும். குறிபார்க்க ஒளிப்புள்ளி காட்டும் சிவப்புப் புள்ளிக் காட்டிகளில் கண்ணாடியின் மேற்பூச்சு, ரப்பர் அடைப்பு, அலுமினிய உடல் என்று மூன்று வெவ்வேறு பலவீனங்கள் உள்ளன. பிடியின் மேல் ஒட்டும் சொரசொரப்பு நாடாவின் பசையை மினரல் ஸ்பிரிட்ஸ் போன்ற மென்மையான திரவமே கரைத்துவிடும். பிடியின் மேல் மாட்டும் ரப்பர் உறைகள் பெட்ரோலியத் திரவங்களில் உப்பிப் பிசுபிசுக்கும். துப்பாக்கியைச் செருகி வைக்கும் கைடெக்ஸ் உறை அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த பிளாஸ்டிக்; அசிட்டோனும் டொலுவீனும் குளோரின் கரைப்பான்களும் அதற்கு ஆகா. நனைந்த துப்பாக்கியை அப்படியே உறைக்குள் செருகிவிட்டு, மறுநாள் பிரேமில் ஒட்டியிருக்கும் பிசினைப் பார்த்துப் பிரேம் கரைந்துவிட்டதாக எண்ணுபவர்கள் இருக்கக்கூடும். கரைந்தது உறையின் உட்புறமாகத்தான் இருக்கும். கொசுக்கடிக்குப் பூசிக்கொள்ளும் டீட் கலந்த தைலமும் இந்த வகையில் ஒரு கரைப்பானே. நைலான் அதைத் தாங்கும், பாலிகார்பனேட் கண்ணாடிகள் தாங்கா. வெளிப்புறச் சுடுதளத்தில் கோடையில் நிற்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இப்போது திரவங்களுக்கு வருவோம். முதலில், சுத்தம் செய்தல், மசகிடல், துருத்தடுப்பு என்ற மூன்று வேலைகளையும் ஒன்றே செய்யும் சி.எல்.பி. வகை. அமெரிக்க ராணுவத்தின் மில்-பி.ஆர்.எஃப்-63460 என்ற தரக்குறியீடு இதற்கென்றே எழுதப்பட்டது. நைலான், பெயிண்ட், ஒட்டுப்பொருள் எதையும் வழக்கமான பயன்பாட்டில் இது தொந்தரவு செய்வதில்லை, ஆவி குறைவு, எளிதில் தீப்பற்றும் அபாயமும் குறைவு. மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்வதால் மூன்றிலும் நடுத்தரம் என்பதே இதன் மேல் உள்ள குறை. குழலின் மேற்பகுதியிலும், பிரேமின் மேல் முன்பின் ஓடும் ஸ்லைடின் முகப்பிலும் சுட்டுச்சுட்டு இறுகிய கரியை இது மெதுவாகத்தான் இளக்கும். பூசிவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்து நைலான் தூரிகையால் தேய்க்கும் பொறுமை உள்ளவருக்கு அதுவே போதும். கைத்துப்பாக்கியின் கரி அப்படியொன்றும் பிடிவாதமானதன்று.

இரண்டாவது, மினரல் ஸ்பிரிட்ஸ். பெயிண்ட் கடையில் காலன் கணக்கில் கிடைக்கும் இது எண்ணெய்ப் பிசுக்கையும் இளகிய கரியையும் நன்றாகக் கழுவும், விலையும் மலிவு. தீப்பற்று வெப்பநிலை ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் என்பதால் சாதாரண அறை வெப்பத்தில் இதன் ஆவி எளிதில் தீப்பிடிக்காது. அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வாசனை தரும் அரோமாட்டிக் சேர்மங்கள் நீக்கப்பட்ட ‘மணமற்ற’ வகையை வாங்குவது நல்லது. அந்தச் சேர்மங்களே உடலுக்கும் ரப்பருக்கும் கூடுதல் கேடு. மண்ணெண்ணெயும் இதே இனம்தான், நாற்றமும் படிவும் மட்டும் அதிகம். கழுவிய பின் எஃகின் மேல் எண்ணெய்ப் படலம் எதுவும் மிஞ்சாது என்பதை மறக்காமல், தனியாக மசகெண்ணெய் இட வேண்டும்.

பழைமையான குழல் கரைப்பான்களில் ஹாப்பிஸ் நம்பர் 9-ஐச் சொல்லாமல் விட முடியாது. 1903 முதல் விற்கப்படும் இதில் மண்ணெண்ணெய், எத்தனால், ஒலியிக் அமிலம், அமைல் அசிட்டேட், சிறிதளவு அம்மோனியா ஆகியவை உண்டு. அமைல் அசிட்டேட்டே அதன் வாழைப்பழ வாசனைக்குக் காரணம். அந்த வாசனையை மூன்று தலைமுறை அமெரிக்கர்கள் தங்கள் தாத்தாவின் நினைவோடு சேர்த்து வைத்திருப்பதால், இதைக் குறை சொல்வது கொஞ்சம் தைரியமான காரியம். குழலுக்குள் இது நல்ல கரைப்பான். நைலான் பிரேமில் தெறித்தால் துடைத்துவிடலாம். நிக்கல் முலாம் பூசிய பாகத்தில் விட்டுவைக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சாளரம் மூடிய குளிர்காலத்தில் இதைத் திறப்பது வீட்டாருக்குச் செய்யும் நன்மையன்று. குழலைத் தாண்டி மற்றப் பாகங்களுக்கு இது தேவையும் இல்லை.

அம்மோனியா மிகுந்த செம்புக் கரைப்பான்களைக் கைத்துப்பாக்கிக்காக வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குண்டைச் செலுத்தும் நீள்துப்பாக்கியின் குழலில் குண்டின் செம்பு உறை கணிசமாகப் படியும்; 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது, அதன் செம்புப் படிவு குறைவு, துல்லியத்தைப் பாதிக்கும் அளவுக்கு வருவது அரிது. மேலும் வெண்கலத் தூரிகையையே அம்மோனியா அரிப்பதால், துணித்துண்டு நீலமாகி வரும்போது அது குழலின் செம்பா தூரிகையின் செம்பா என்று தெரியாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருப்போம்.

ஈயப் படிவு வேறு கதை. உட்புறம் பலகோண வடிவிலான கிளாக்கின் பழைய குழலில் உறையில்லா ஈயக் குண்டு சுடக் கூடாதென்று நிறுவனமே சொல்வதற்குக் காரணம் அந்தப் படிவு. அதை எடுக்க வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் கைவைத்தியம் ஒன்று உலவுகிறது. அந்தக் கலவை ஈயத்தை ஈய அசிட்டேட்டாக மாற்றி நீரில் கரைக்கிறது. கடும் நஞ்சான அந்த நீரை எங்கே கொட்டுவது என்பதற்கும் அந்த வைத்தியத்தில் பதில் இல்லை. தூரிகையால் தேய்த்து எடுப்பது நேரமானாலும் பாதுகாப்பு.

வாகனங்களின் பிரேக்கைச் சுத்தம் செய்ய விற்கப்படும் பிரேக் கிளீனரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான கேள்விகள் இதைப் பற்றியவை. ஏரோசால் டப்பாவின் அழுத்தத்தில் பீய்ச்சப்படும் இத்திரவம் கரியையும் பழைய எண்ணெயையும் நொடியில் அடித்துச் சென்றுவிட்டு, தானும் ஆவியாகிப் போய்விடும். துப்பாக்கிக்கென்று விற்கப்படும் டப்பாவின் விலையில் பாதிகூட ஆகாது. ஆனால் அந்தப் பெயரில் முற்றிலும் வேறான இரண்டு திரவங்கள் ஒரே அலமாரியில் விற்கப்பட்டு வந்தன. ஒன்று டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கரைப்பான்களால் ஆனது. தீப்பிடிக்காது, நன்றாகக் கரைக்கும். மற்றொன்றில் குளோரின் இல்லை. அசிட்டோன், ஹெப்டேன், டொலுவீன் முதலியவற்றின் கலவை, எளிதில் தீப்பிடிக்கும்.

தீப்பிடிக்காதது பாதுகாப்பானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டெட்ராகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளது என்றும், அதன் உறவான டிரைகுளோரோஎத்திலீன் உறுதியாகவே விளைவிக்கும் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இவற்றின் ஆவி சுடருக்கோ பழுக்கக் காய்ந்த உலோகத்துக்கோ அருகில் சென்றால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். கலிபோர்னியா மாநிலம் 2000-லேயே வாகனப் பராமரிப்புத் திரவங்களில் இவற்றுக்குத் தடை விதித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் டிரைகுளோரோஎத்திலீனை முற்றிலுமாகவும் டெட்ராகுளோரோஎத்திலீனை நுகர்வோர் பயன்பாடுகளிலும் படிப்படியாக விலக்கும் விதிகளை அறிவித்தது. அலமாரியில் பழைய டப்பா இருந்தால் அதை முடித்துவிடலாம் என்று நினைக்காமல், நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுவது உசிதம்.

அப்படியானால் குளோரின் இல்லாததே நல்லதா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2000-ன் தடைக்கு முன்பே குளோரின் கரைப்பான்கள் மீது கட்டுப்பாடுகள் இறுகத் தொடங்கியபோது, கலிபோர்னியாவில் அவற்றின் இடத்தை ஹெக்சேன் கலந்த பிரேக் கிளீனர்கள் பிடித்தன. 1999, 2000 ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் வாகனப் பட்டறைத் தொழிலாளர்களிடம் கைகால் மரத்துப்போகும் நரம்புநோய் கண்டறியப்பட்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை வெளியிட்டது. சாதாரண ஹெக்சேன் உடலில் சிதைந்து உருவாக்கும் பொருள் நரம்பிழைகளைத் தாக்குகிறது. அசிட்டோன் சேர்ந்திருந்தால் அந்தக் கேடு கூடுகிறது. நாள் முழுதும் அதிலேயே உழலும் மெக்கானிக்கின் நிலையும், மாதம் ஒருமுறை துப்பாக்கி துடைப்பவரின் நிலையும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும் ஹெக்சேன் உள்ளதையும் ஹெப்டேன் உள்ளதையும் ஒரே விலைக்கு வாங்க முடியும்போது பின்னதை எடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

குளோரின் இல்லாத பிரேக் கிளீனரை நான் முழுதாக விலக்கவில்லை. அதற்கு ஒரு குறுகிய இடம் உண்டு. குழல், சுருள்வில், குறிநோக்கி கழற்றப்பட்ட ஸ்லைடு போன்ற வெறும் எஃகுப் பாகங்களைப் பிரேமிலிருந்து பிரித்து, வீட்டுக்கு வெளியே வைத்துப் பீய்ச்சலாம். பிரேமுக்குள் பீய்ச்சுவதை மறுப்பதற்கு நைலான் கரையும் என்பது காரணமல்ல. அந்த அழுத்தம் விசைப்பகுதியின் மூலைகளுக்குள் கரித்துகளைத் தள்ளுகிறது. விசையோடு இணைந்த விசைக்கோல், கனெக்டர் என்ற சிறு தகட்டைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டிய ஒரு துளி எண்ணெயையும் துடைத்தெடுத்துவிடுகிறது. அந்தத் துளியைத் திரும்ப இட மறந்தால் விசை கரகரக்கத் தொடங்கும். கேரேஜில் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்க வீடுகள் பலவற்றில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் கேரேஜில்தான் நிற்கிறது, பழையவற்றில் சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். காற்றைவிடக் கனமான கரைப்பான் ஆவி தரையோடு தவழ்ந்து அந்தச் சுடரைத் தேடிப் போகும்.

தனி அசிட்டோனுக்கும் மேலே சொன்னதே பொருந்தும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் அதைவிட மிதமானது; ஆனால் எரிந்த கரியைக் கரைப்பதில் பலவீனம். குறிநோக்கித் திருகில் பசை இடுவதற்கு முன் எண்ணெயைத் துடைக்க அது சரியான பொருள், சுத்தம் செய்யும் முதன்மைத் திரவமாக அதை வாங்க வேண்டியதில்லை. டபிள்யூ.டி.-40 அடிப்படையில் இலேசான பெட்ரோலியக் கரைப்பானில் கலந்த எண்ணெய். பிரேமுக்குத் தீங்கில்லை, துப்பாக்கிக்கான மசகாகவும் போதாது. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் வகைத் திரவங்கள் நன்றாகக் கரைக்கும், மணமும் இனிது. பாலிஸ்டைரீனையும் ரப்பரையும் கெடுக்கும், சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். ‘இயற்கையானது’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம்.

வீட்டிலேயே கலந்துகொள்ளும் ‘எட்ஸ் ரெட்’ அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்களிடையே புகழ்பெற்றது. தானியங்கி கியர் எண்ணெய், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட்ஸ், அசிட்டோன் ஆகியவற்றைச் சம அளவில் கலப்பார்கள். கியர் எண்ணெயின் நிறமே பெயரிலுள்ள சிவப்பு. ஆண்டுக்குப் பல ஆயிரம் தோட்டாக்கள் சுடுபவருக்கு இது நல்ல சிக்கனம். பாலிமர் பிரேமுக்குப் பயன்படுத்துவோர் அசிட்டோனை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் கலந்தால், வேகம் சற்றுக் குறையும். தீ அபாயமும் பெயிண்ட் அழியும் கவலையும் அதைவிட அதிகமாகக் குறையும். இரண்டு துப்பாக்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கு நாலு முறை சுடுபவர் ஒரு காலன் கலந்து வைப்பதில் பொருளில்லை.

நீர் அடிப்படையிலான துப்பாக்கிச் சுத்திகளே வீட்டுக்குள் வேலை செய்வோருக்கு நான் பரிந்துரைப்பவை. மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்புப் பொருட்களும் மிதமான காரமும் கொண்ட இவை தீப்பிடிப்பதில்லை, ஆவியும் மிகக் குறைவு. கரியின் மேல் சில நிமிடம் விட்டுத் தேய்த்தால் பெட்ரோலியக் கரைப்பானுக்கு நிகராக வேலை செய்யும். நைலான், பெயிண்ட், டிரிட்டியம் ஒட்டு, கைடெக்ஸ் அனைத்தோடும் ஒத்துப்போகும். இவற்றின் விலை எஃகில் வந்து நிற்கிறது: ஈரத்தை முழுதும் துடைத்து, சுருள்வில்லின் உட்புறம் வரை உலர்த்தி, அன்றே எண்ணெய் இட்டாக வேண்டும். கிளாக்கின் ஸ்லைடு நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கப்பட்டிருப்பதால் துருவை நன்கு எதிர்க்கும். உள்ளேயுள்ள சிறு ஊசிகளும் வில்களும் அவ்வளவு தாங்கா. இந்த வகையோடு வாகனக் கடையின் ஊதா நிறக் கிரீஸ் நீக்கிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றுள் பல வலுவான காரம் கொண்டவை, சிவப்புப் புள்ளிக் காட்டியின் அலுமினிய உடலை நிறம் மாற்றிவிடும்.

எந்தத் திரவமாயினும் வாங்குமுன் அதன் பாதுகாப்புத் தரவு ஏட்டைப் பார்ப்பது விளம்பர வாசகத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. அதன் 3-ஆம் பகுதியில் உட்பொருட்களும் 9-ஆம் பகுதியில் தீப்பற்று வெப்பநிலையும் இருக்கும். பெயரில் எங்காவது குளோரோ, கிரெசால், ஃபீனால் வந்தால் கீழே வைத்துவிடலாம். பணியிடக் காற்றில் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா அனுமதிக்கும் அளவு அசிட்டோனுக்குப் பத்து லட்சத்தில் 1000 பங்கு, டெட்ராகுளோரோஎத்திலீனுக்கு 100 பங்கு, பென்சீனுக்கு 1 பங்கு. மூன்று திரவங்களின் நச்சுத்தன்மை வேறுபாட்டை இந்த எண்கள் ஓரளவு உணர்த்தும். ‘பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது’ என்ற வரி எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லாதவரை முழுமையான உறுதியாகாது. ஐயம் இருந்தால், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் நுழையும் குழியின் உட்சுவரில் ஒரு துளியைப் பஞ்சால் தொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பிசுபிசுப்போ நிற மங்கலோ இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சுத்தம் செய்யும்போது நேரும் உண்மையான விபத்து கரைப்பானால் அன்று, குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையில் தங்கிவிட்ட தோட்டாவால் நேர்கிறது. கிளாக்கைப் பிரிக்க விசையை இழுத்தே ஆக வேண்டும் என்பதால், மேகசினைக் கழற்றிய பின் ஸ்லைடைப் பின்னிழுத்து அந்த அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையை நோக்கியே அதைச் செய்ய வேண்டும். பிறகு எந்தக் கரைப்பானையும், தோட்டாவின் அடியில் மோதும் ஊசியான ஸ்டிரைக்கர் ஓடும் துளைக்குள் விடக் கூடாது. அங்கே தேங்கும் திரவம் கரியோடு சேர்ந்து பிசினாகி ஸ்டிரைக்கரின் வேகத்தைக் குறைக்கும், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசியவும் கூடும். கையுறை நைட்ரைலாக இருந்தால் பெட்ரோலியத் திரவங்களைத் தாங்கும். அசிட்டோனிலும் குளோரின் கரைப்பான்களிலும் விரைவில் தளர்ந்துவிடும். துணித்துண்டில் வரும் கருமையில் பிரைமரிலிருந்து வந்த ஈயமும் கலந்திருப்பதால், உணவு மேசையில் இந்த வேலையைச் செய்யாமல், முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆக, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் நீர் அடிப்படையிலான சுத்தி ஒன்றும் நல்ல மசகெண்ணெய் ஒரு சிறு குப்பியும் வாங்கினால் போதும். தனி வீடும் காற்றோட்டமும் உள்ளவர், அடிக்கடி சுடுபவர் என்றால், மணமற்ற மினரல் ஸ்பிரிட்ஸும் சி.எல்.பி.யும் சேர்ந்தால் ஆண்டுக் கணக்கில் வரும். குழலுக்கு ஹாப்பிஸ் விருப்பமுள்ளவர் அதைக் குழலோடு நிறுத்திக்கொள்ளட்டும். காட்டி பொருத்திய துப்பாக்கிக்குத் திரவத்தை நேரே தெளிக்காமல், துணியில் நனைத்துத் துடைக்கும் முறையே ஏற்றது. பிரேமுக்கோ பெரும்பாலான நாட்களில் ஈரத்துணியும் பழைய பல்துலக்கியும் போதும். அதன் எஃகுத் தண்டவாளங்களில் ஆளுக்கொரு துளி எண்ணெய். மேகசின்களை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்து, எண்ணெய் இடாமல் வைக்க வேண்டும். உள்ளே எண்ணெய் இருந்தால் தூசி ஒட்டும், தோட்டாவின் மேலும் படியும். பயன்படுத்திய துணித்துண்டுகளை மூடியுள்ள உலோக டப்பாவில் சேர்த்து, எஞ்சிய கரைப்பானோடு மாவட்ட அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் ஒப்படைத்துவிடலாம். பல அமெரிக்க மாவட்டங்களில் வீட்டுக் கழிவுக்கு இதற்குக் கட்டணம் இல்லை.